எந்தக் கட்டளையில் எழுதுவது?

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் நீளமான ஒரு கல்வெட்டு இருக்கிறது. நாட்டியம் படித்தவர்கள் அதை ஒரு விதமாக வாசிப்பார்கள், சாதி வரலாறு எழுதுகிறவர்கள் வேறு விதமாக. கணக்கு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு அது ஒரு பதிவேடு. பல ஊர்க் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருவருக்கும் ஒரே வரிசையில் விவரம் வருகிறது. முதலில் எந்தத் தளிச்சேரி, அதாவது கோயிலைச் சேர்ந்த எந்தக் குடியிருப்பு, அடுத்து அதில் எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்தப் பக்கம். பிறகு எத்தனையாவது வீடு. முதல் வீட்டுக்குத் தலைவீடு என்று பெயர். அதன் பின் அந்தப் பெண்ணின் பெயர், எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், கடைசியில் பங்கு ஒன்று. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை எந்த மரக்காலால் அளப்பது என்பதும் எழுதியிருக்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால்.

இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்த்தால், வெட்டச் சொன்னவர் எத்தனை கேள்விகளை எதிர்பார்த்திருக்கிறார் என்பது தெரியும். தென்சிறகில் எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணிச் சொல்லலாம். திருவாரூரிலிருந்து வந்தவர்கள் யார் யார் என்றாலும் சொல்லலாம், மொத்தம் எவ்வளவு நெல் என்றாலும் சொல்லலாம். பதிவு ஒன்றுதான், அதை எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் விடை வரும். இன்றைக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்க வருகிறவர்கள் இதைத்தான் டைமென்ஷன் என்கிறார்கள். பரிமாணம் என்று சொல்லிக்கொள்வோம்.

அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு இந்த முறைக்கே அடிப்படை. ராஜராஜனின் 26-ம் ஆட்சியாண்டு, அதாவது 1010-11 வாக்கில், அரசன் ஆணையிடுகிறான். தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். பரிவாரமும் பக்தியும் இருக்கட்டும், கொடுத்தவர் யார் என்பதை வைத்து வரவை நான்காகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். வெட்டிய இடத்திலும் இந்தப் பிரிவினை தெரிகிறது. அரசனும் அக்கனும் கொடுத்தவை பெரும்பாலும் நடு விமானத்தின் அடித்தளத்தில் இருக்கின்றன. மற்றவர்கள் கொடுத்தவை திருச்சுற்று மாளிகையின் தூண்களிலும் மாடங்களிலும் இருக்கின்றன. யாருடைய கணக்கு எந்தச் சுவரில் என்று தேடாமலே தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சோழர் காலத்தில் எல்லாம் இருந்தது என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2005-ல் நாகப்பட்டினத்தில் பட்ட பாட்டில்தான் இந்தக் கல்வெட்டு எனக்குப் புரிந்தது.

சுனாமி வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பணம் எங்கெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் ஆண்டுக்குச் சில லட்சம் மட்டுமே பார்த்திருந்த ஒரு சிறிய அமைப்புக்குக் கணக்கு ஒழுங்குபடுத்தித் தரப் போயிருந்தேன். நல்லவர்கள், இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து லெட்ஜர் பட்டியலைப் பார்த்தேன். ‘படகு ரிப்பேர் - ஜெர்மனி’ என்று ஒன்று. அதற்குக் கீழே ‘போட் ரிப்பேர் - ஜெர்மன்’. இன்னும் கீழே ‘படகு பழுது (சர்ச்)’, ‘ஃபைபர் போட் - சர்ச் - 2’. வலைக்கு இதே போல ஏழெட்டு, டீசலுக்குப் பத்து. யார் எந்த நாளில் உட்கார்ந்து பதிந்தார்களோ அவர்கள் மனதில் தோன்றிய பெயர்கள். மொத்தம் 700-க்கும் மேல் லெட்ஜர்கள்.

அந்த வாரம் நிதி கொடுத்த இடத்திலிருந்து ஒருவர் வந்தார். விதவைகளுக்கு இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் விடை இல்லை. மறுநாள் இன்னொருவர் வந்து, தன் பணம் எந்தெந்தக் குப்பத்துக்குப் போனது என்று கேட்டார். அதற்கும் விடை இல்லை. மூன்று இரவுகள் வவுச்சர்களைத் தரையில் பரப்பி, குப்பம் வாரியாக ஒரு முறை, ஆள் வாரியாக ஒரு முறை அடுக்கினோம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் பறக்கும். ஜூன் மாதத்து நாகப்பட்டினத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வவுச்சர் இன்னும் நினைவில் இருக்கிறது: ‘டீசல், வண்டி, 640 ரூபாய்.’ எந்த வண்டி, எந்த ஊருக்கு, எதை ஏற்றிக்கொண்டு, யார் பணத்தில் என்று எதுவும் இல்லை. எழுதிய பையன் எதிரேதான் நின்றான். அவனுக்கும் மறந்துவிட்டது.

திருட்டு ஒன்றும் நடக்கவில்லை, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருந்தது. ஒரே பெயருக்குள் நான்கு விஷயங்களைத் திணிக்கப் பார்த்ததுதான் தவறு. ‘படகு ரிப்பேர் - ஜெர்மனி’ என்பதில் செலவின் இயல்பு இருக்கிறது, கொடுத்தவர் இருக்கிறார், ஊர் இல்லை, பயன்பெற்றவர் இல்லை. ஊரையும் சேர்த்தால் லெட்ஜர் இன்னும் நீளும். எட்டு நன்கொடையாளர், ஆறு ஊர், ஐந்து வகை வேலை, நாற்பது வகைச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பெயருக்குள் அடைத்தால் 9,600 லெட்ஜர்கள் வரக்கூடும். தனித்தனிப் பட்டியலாக வைத்து, வவுச்சர் போடும்போது ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒன்றைத் தொட்டால் 59 பெயர்கள் போதும். டாலியிலேயே இதற்கு வழி உண்டு. காஸ்ட் சென்டர் பலருக்குத் தெரியும். காஸ்ட் கேட்டகரியைத்தான் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதைத் திறந்துவிட்டால் ஒரே தொகையை ஊர் வாரியாகவும் திட்ட வாரியாகவும் பக்கத்துப் பக்கத்தில் பிரிக்கலாம்.

இந்தக் குழப்பம் கணினியோடு வந்ததல்ல. கொடுத்தவர் சொன்ன நோக்கத்துக்கென்று தனிக் கணக்கு வைப்பதற்கு நம் கோயில்களில் ஒரு பழைய பெயர் உண்டு: கட்டளை. உச்சிக்காலத்துக்கு ஒரு கட்டளை, அபிஷேகத்துக்கு ஒன்று, அன்னதானத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனிப் பொறுப்பாளர், தனிக் கணக்கு. திருவாரூர் தியாகராசர் கோயில் இதற்குப் பேர்போனது. அங்கே அபிஷேகக் கட்டளை, ராஜன் கட்டளை, அன்னதானக் கட்டளை, உள்துறைக் கட்டளை என்று பலவும் தனித்தனியே நடந்தன. அபிஷேகக் கட்டளையில் நெல் மிஞ்சினால் அதை எடுத்து மடைப்பள்ளியில் போட முடியாது. ஆங்கிலேயர் காலத்து உயர்நீதிமன்றம் வரை போய்த் தீர்க்க வேண்டியிருந்த சண்டைகள் இவை. 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இதையே குறிப்பிட்ட அறக்கட்டளை என்ற வகையில் தனியே வரையறுக்கிறது.

கொடுத்தவர் விருப்பம் என்ற பரிமாணத்தை நம் ஊர் இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த பிடியில் வேறொன்று நழுவியது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டளைகளையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் இல்லை. ஒரு கோயிலில் ஒரு நாள் பூசைக்கு மொத்தம் என்ன ஆகிறது என்று கேட்டால், பல கட்டளைக்காரர்கள் பல ஏடுகளைக் கொண்டுவர வேண்டும். ஒரே விளக்குக்கு இரண்டு கட்டளையில் எண்ணெய் போவதும், ஒரு சன்னதி இருளில் கிடப்பதும் ஒரே கோயிலுக்குள் நடக்கக்கூடியவை. 1817-ல் சென்னை மாகாணத்தில் ஏழாம் எண் ஒழுங்குவிதி வந்து, கோயில், மசூதி, சத்திரம் இவற்றுக்கு விடப்பட்ட நிலத்தின் வருமானம் சரியாகச் செலவாகிறதா என்று பார்க்கும் வேலை வருவாய் வாரியத்திடம் போனது. 1863-ல் அரசு கைகழுவிக்கொண்டது. 1920-களில் மீண்டும் சட்டம், வாரியம். இந்த இழுபறி முழுவதிலும் யார் நிர்வகிப்பது என்பதே சண்டையாக இருந்தது. எப்படி எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் என்பதைப் பற்றிய பேச்சு அதில் மிகக் குறைவு.

கட்டளைக்கு முந்தைய ஒரு ஏற்பாட்டையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. தஞ்சையில் அதற்குப் பதிலாக 48 பசுவோ 16 எருமையோ கொடுக்கலாம். பசு ஒன்றுக்கு ஆடு இரண்டு, எருமை ஒன்றுக்கு ஆடு ஆறு என்று கணக்கு. வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா? சாகும். குட்டி வளர்ந்து அதன் இடத்துக்கு வரும். ஏட்டில் எண்ணிக்கை 96-ஐ விட்டு அசையக் கூடாது. முதல் வேறு, அதன் விளைவு வேறு. விளைவை மட்டும் செலவழி, முதலைத் தொடாதே. கார்பஸ் என்று இன்று எங்கள் ஆடிட்டர் வட்டாரம் சொல்வதை இடையரும் கோயில் கணக்கரும் ஆட்டுக் கணக்கில் முடித்துவிட்டார்கள். காசாகக் கொடுத்ததையும் இப்படித்தான் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டார்கள். ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பலிசை, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு. அந்தப் பலிசை எதற்கு என்பதும் எழுதியிருக்கும். திருமஞ்சன நீரில் இடும் ஏலத்துக்கும் செண்பக மொட்டுக்கும் இலாமிச்சை வேருக்கும் என்று அவ்வளவு நுணுக்கமாகப் போகிறது கணக்கு.

இன்று பல அமைப்புகளில் கார்பஸ் என்பதற்கு நன்கொடையாளர் எழுதிய ஒரு கடிதம்தான் சாட்சி. அந்தக் கடிதம் ஒரு ஃபைலில் இருக்கும். வைப்புத்தொகை வங்கியில் மற்ற பணத்தோடு கலந்து கிடக்கும், வட்டி ‘இதர வருமானம்’ என்று எழுதப்பட்டிருக்கும். எந்த முதலின் வட்டி எந்த வேலைக்கு என்று கேட்டால் தலைவர் தாடியைத் தடவுவார். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கார்பஸுக்குத் தனி இடம் கொடுத்தது. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கும் கொடுத்தது. 2021-ல் அந்த விலக்கையும் இறுக்கி, அந்தப் பணத்தைக் குறிப்பிட்ட முதலீடுகளில் தனியே வைத்திருந்தால்தான் செல்லும் என்றார்கள். அதன் பிறகே பல அலுவலகங்களில் பழைய கடிதங்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

அரசே திணித்த ஒரு பரிமாணம் வெளிநாட்டுப் பணம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், முதல் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் வந்தது. 2010-ல் அதன் இடத்தில் புதியது வந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கிக் கணக்கும் தனி, கணக்கேடும் தனி. 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க முடியும், பிற அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. இதன் அரசியலைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, அது வேறு கட்டுரை. கணக்கு மேசையில் நடந்தது இதுதான்: ஒவ்வொரு அமைப்பும் டாலியில் இரண்டு கம்பெனி திறந்தது, வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி. ஒன்று, உள்நாட்டுப் பணத்துக்கு எல்.சி. ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியாக லெட்ஜர் பெயர். ஒன்றில் ‘மாலை வகுப்பு’, மற்றொன்றில் ‘டியூஷன் சென்டர்’. ஒரே குழந்தை, ஒரே கூரை, ஒரே ஆசிரியை. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று அமைப்பின் செயலாளருக்கே தெரியாது. சுவர் எழுப்பச் சொன்னது சட்டம். சுவரின் இரு புறமும் ஒரே மொழியில் எழுதக் கூடாது என்று அது சொல்லவில்லை. இரண்டு கம்பெனிகளிலும் திட்டக் குறியீட்டையும் ஊர்க் குறியீட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வைத்தால் பாதித் தலைவலி போய்விடும். இதை நான் சொல்லாத இடமில்லை.

அந்த 2020 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. எது நிர்வாகச் செலவு என்று விதியில் விளக்கம் இருக்கிறது. மருத்துவமனை நடத்தும் அமைப்பில் மருத்துவரின் சம்பளமும், பள்ளி நடத்தும் அமைப்பில் ஆசிரியரின் சம்பளமும் நிர்வாகம் ஆகாது. அலுவலக வாடகையும் கணக்கரின் சம்பளமும் நிர்வாகம். ஆகவே ‘சம்பளம்’ என்ற லெட்ஜரை மட்டும் பார்த்தால் 20-க்குள் இருக்கிறோமா இல்லையா என்று சொல்ல முடியாது. எந்த வேலைக்கான சம்பளம் என்ற இரண்டாவது குறி அதன் மேல் இருந்தாக வேண்டும். காலையில் கிராமத்தில் கூட்டம் நடத்திவிட்டு மாலையில் அலுவலகத்தில் அறிக்கை எழுதும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது? மாதக் கடைசியில் உத்தேசமாக 80-க்கு 20 என்று போடுகிறவர்களே அதிகம். உத்தேசம் தவறில்லை. எதை வைத்து அந்த உத்தேசம் என்று ஒரு வரி எழுதி வைக்காததுதான் தவறு.

அமெரிக்காவில் 1993-ல் வந்த 117-ம் எண் கணக்கு நெறி, லாப நோக்கற்ற அமைப்புகளின் நிகரச் சொத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது: கட்டுப்பாடு இல்லாதது, தற்காலிகக் கட்டுப்பாடு உள்ளது, நிரந்தரக் கட்டுப்பாடு உள்ளது. 2016-ல் அதைத் திருத்தி, நன்கொடையாளரின் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்று இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கூடவே, செலவின் இயல்பையும் நோக்கத்தையும் ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காட்டுவதை எல்லா அமைப்புக்கும் கட்டாயமாக்கினார்கள். முகப்பில் பிரிவைக் குறைத்து, விவரத்தைப் பின்னால் கூட்டினார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஏனென்றால், பரிமாணம் என்ற சொல் பிடிபட்டதும் ஒரு பேராசை வரும். நன்கொடையாளர், திட்டம், ஊர், பயனாளி, பாலினம், காலாண்டு, பணியாளர், வாகனம் என்று பன்னிரண்டு பட்டியல் போட்டுத் தந்த ஒரு ஆலோசகரைப் பார்த்திருக்கிறேன். களத்தில் வவுச்சர் எழுதுகிற பையன் பஸ் டிக்கெட்டையும் டீச்செலவையும் சேர்த்து 85 ரூபாய்க்குப் பன்னிரண்டு பெட்டிகள் நிரப்ப வேண்டும். முதல் வாரம் நிரப்பினான். இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாப் பெட்டியிலும் ‘பொது’. ஆண்டு முடிவில் பொது என்ற ஊரில் பொது என்ற பயனாளிகளுக்குப் பெருந்தொகை செலவாகியிருந்தது. நான்கு போதும் என்பது என் அனுபவம். யார் பணம், எந்த வேலை, எந்த இடம், களப்பணியா நிர்வாகமா. ஐந்தாவதைக் கேட்கிறவரிடம், அந்தக் கேள்வியை ஆண்டில் எத்தனை முறை யார் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். ஒரே முறைதான் என்றால் ஒரு எக்செல் தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

திட்டத்தின் பெயருக்குள் நன்கொடையாளர் பெயரை நுழைக்கவே கூடாது. மூன்று ஆண்டில் அவர் போய்விடுவார், மாலை வகுப்பு தொடரும். பெயர் மாறினால் அதுவரை நடந்த வகுப்பின் கணக்கும் அறுந்து போகும். புதுக் குறியீடு திறக்கும் உரிமை ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். யாரிடம் கணக்குக் கேட்பது என்பது அப்போதுதான் தெளிவாக இருக்கும். உத்தரமேரூர்ச் சபையார் 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்றார்கள். உறவினர் வரைக்கும் போவது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

தஞ்சைக் கல்வெட்டுகளின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை கொடுத்ததைச் சொல்கின்றன, கொடுக்க வேண்டியதைச் சொல்கின்றன. உழக்கு நெய் அன்றன்றைக்கு வந்து சேர்ந்ததா, எந்த மாதம் எந்தச் சபை பலிசையை நிறுத்தியது என்பதெல்லாம் ஓலையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஓலைகள் போய்விட்டன. நமக்குக் கிடைத்திருப்பது பட்ஜெட் மட்டும். அந்தப் பட்ஜெட்டில் ஒன்று என்னை எப்போதும் நிறுத்திவிடும். பாடுகிறவர்கள், மேளம் கொட்டுகிறவர்கள், விளக்குப் பார்க்கிறவர்கள் என்று பங்கு போய்க்கொண்டே இருக்கும்போது, அதே வரிசையில், அதே எழுத்தில், கணக்கருக்கும் கீழ்க்கணக்கருக்கும் படி எழுதியிருக்கிறது. அவர்களைக் கடைசியில் ஒரு மூலையில் ஒதுக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் அந்த மூன்றாவது இரவு, கடைசிக் கட்டு வவுச்சரை நூலால் கட்டி வைத்துவிட்டு எழுந்தபோது, கணக்கு எழுதும் அக்கா தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். அவருடைய ஐந்து மாதச் சம்பள வவுச்சர்கள். எந்த லெட்ஜரிலும் ஏறவில்லை.

“தம்பி, இத எதுல போடுறதுன்னே தெரியல. படகுக்காரங்க காசுல போட்டா அவங்க கேப்பாங்க. வீடு கட்டுற காசுல போட்டா அவங்களும் கேப்பாங்க. அதான் அப்பிடியே வச்சிருந்தேன்.”

“அப்ப அஞ்சு மாசமா சம்பளம் வாங்கலையாக்கா?”

“கைக்காசா அப்பப்ப ஆயிரம் ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டேன். அது அட்வான்ஸ்ல நிக்குது.”

பட்டியலில் புதிதாக ஒரு குறியீடு திறந்தோம். என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். ‘கணக்கு’ என்றே வைக்கச் சொன்னேன்.